அவங்க என்ன போட்டிருக்காங்க?

அவிநாசி சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது அந்த நூற்பாலை. 2001-ஆம் ஆண்டு. முதலாளியின் மேசைமேல் நாலைந்து நூல் கோன்கள், காகிதத்தில் மடித்த பஞ்சு சாம்பிள், ஓரத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த நீளத் தாள்கள். எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர் கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஸ்டோர், கொள்முதல், உற்பத்தி, சம்பளம் என்று ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்லப் படம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதல் தாளைப் பிரிக்கும்போதே முதலாளி கையமர்த்தினார்.

"தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மில்லுல அவங்க என்னங்க போட்டிருக்காங்க?"

இளைஞர் அந்த மென்பொருளின் பெயரைச் சொன்னார்.

"அப்ப அதையே நமக்கும் போட்டுக் குடுத்துருங்க."

கொண்டுவந்து வைத்த காபி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. அந்த இளைஞர்தான் இந்தக் கட்டுரையாளர். பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பம்ப் கம்பெனிகளிலும் ஃபவுண்டரிகளிலும், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், கரூர் ஜவுளி ஏற்றுமதி நிறுவனங்களிலும் இதே கேள்வியை அவர் எதிர்கொண்டிருக்கிறார். கேட்டவர்கள் மாறினார்கள், மென்பொருளின் பெயர் மாறியது. கேள்வி மாறவில்லை.

அந்தக் கேள்வியில் இருக்கும் வினைச்சொல் அவரை வெகுநாள் யோசிக்க வைத்தது. கொங்கு நாட்டில் போர் போடுவார்கள், மோட்டார் போடுவார்கள், ஷெட் போடுவார்கள். அந்த வரிசையில்தான் சாஃப்ட்வேரும் 'போடுவது' ஆயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் ஓடும் மோட்டாரை வாங்கி நம் கிணற்றில் இறக்கினால், கரண்ட் இருந்தால் ஓடும். மென்பொருளையும் அப்படித்தான் எண்ணிக்கொண்டார்கள். ஆனால் மென்பொருள் அந்தந்தக் கம்பெனியில் யார் யாரிடம் சரக்கு ஒப்படைக்கிறார்கள், யார் கையெழுத்து போடுகிறார்கள், கணக்கை எப்போது எழுதுகிறார்கள் என்பதன்மேல் நிற்பது. அது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

முதலாளி சோம்பலால் அப்படிக் கேட்கவில்லை. ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்து இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து இழையின் நீளத்தைச் சொல்லக்கூடியவர் அவர். நூலைத் தொட்டுப் பார்த்தே அதன் கவுண்ட்டை, அதாவது நூலின் மென்மை அளவைச் சொல்லிவிடுவார். ஆனால் மென்பொருளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. தன் கண்ணால் தரம் பார்க்க முடியாத பொருளை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும்போது, நம்பத் தகுந்த இன்னொருவர் வாங்கியிருக்கிறார் என்பது ஒன்றுதான் கையில் இருக்கும் ஆதாரம். அதைத்தான் கேட்டார்.

இதற்கு ஒரு கோட்பாடே இருக்கிறது என்பது கட்டுரையாளருக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. பால் டிமாஜியோ, வால்டர் பவல் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரை, ஒரே துறையில் இருக்கும் நிறுவனங்கள் ஏன் நாளடைவில் ஒன்றைப்போல் ஒன்று ஆகிவிடுகின்றன என்று ஆராய்ந்தது. அவர்கள் மூன்று காரணங்களைச் சொன்னார்கள். அரசும் பெரிய வாடிக்கையாளர்களும் கட்டாயப்படுத்துவது ஒன்று. எது சரி என்று தெரியாத நேரத்தில், வெற்றிபெற்றதாகத் தெரியும் நிறுவனத்தைப் பார்த்துச் செய்வது இரண்டாவது. ஒரே படிப்பு படித்த, ஒரே தொழில்முறைச் சங்கத்தைச் சேர்ந்த ஆலோசகர்களும் அதிகாரிகளும் போகுமிடமெல்லாம் ஒரே முறையைக் கொண்டுபோவது மூன்றாவது.

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இந்த மூன்றுக்கும் ஆள் காட்ட முடியும். மில் முதலாளிகளின் உலகம் சிறியது. சம்பந்தி வீட்டு விசேஷம், கொடிசியா வளாகத்துக் கண்காட்சி, பஞ்சு புரோக்கர், நாலைந்து கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரே ஆடிட்டர் என்று செய்தி ஒரு வாரத்தில் சுற்றி வந்துவிடும். ஒரு மில்லில் வேலை பார்த்த மேனேஜர் அடுத்த மில்லுக்கு மாறினால், பழைய மில்லில் பழகிய மென்பொருளைத்தான் அங்கேயும் கேட்பார். திருப்பூரிலோ வெளிநாட்டு பையர் சொன்னால் பார்கோடும் பேக்கிங் லிஸ்ட்டும் மறுவாரமே கணினிக்கு வந்துவிடும்.

மென்பொருள் விற்பவர்களும் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். கட்டுரையாளர் வேலை பார்த்த இடத்தில், விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் மென்பொருள் என்ன செய்யும் என்று அச்சடிக்க மாட்டார்கள். யார் யார் வாங்கியிருக்கிறார்கள் என்ற பட்டியல்தான் இருக்கும். பட்டியலில் ஒரு பெரிய பெயர் வேண்டும் என்பதற்காக அந்தப் பெரிய கம்பெனிக்குப் பாதி விலைக்கே கொடுப்பார்கள். அந்தப் பெயரைக் காட்டிப் பத்துப் பேரிடம் முழு விலை வாங்கலாம். பெரிய கம்பெனியில் அந்த மென்பொருள் உண்மையில் எப்படி ஓடுகிறது என்று அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

பார்த்துச் செய்வதே தவறு என்று சொல்ல அவர் வரவில்லை. டேலியை எடுத்துக்கொள்ளலாம். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் அந்தக் கணக்கு மென்பொருள், தமிழ்நாட்டில் பெட்டிக்கடைக்கு மேலே இருக்கும் ஏராளமான வியாபாரங்களுக்குள் பெரும்பாலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கியே பரவியது. அதனால் நன்மைதான் விளைந்தது. பற்று வரவு எழுதும் முறை எல்லோருக்கும் ஒன்று. பி.காம். முடித்த பையனுக்கு டேலி தெரியும். ஆடிட்டர் அலுவலகத்தில் அதே கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். கணக்குப்பிள்ளை வெள்ளிக்கிழமை வேலையை விட்டுப் போனால், திங்கட்கிழமை இன்னொருவர் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எல்லோரும் ஒன்றையே வைத்திருப்பதுதான் அதன் பலம்.

ஜிஎஸ்டி வந்தபோதும் அப்படித்தான். 2017 ஜூலை 1 அன்று வரி மாறியது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. மின் விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரைக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு படியிலும், முன்னால் போனவர் தட்டுத்தடுமாறிக் கற்றதைப் பார்த்துப் பின்னால் வந்தவர் பிழைத்தார். படிவம் எல்லோருக்கும் ஒன்று என்பதால் நகல் பலித்தது.

படிவத்தைத் தாண்டித் தொழிலுக்குள் போகும்போதுதான் சிக்கல். கட்டுரையாளரால் மறக்க முடியாத ஒரு கம்பெனி திருப்பூரில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு. அந்த முதலாளியின் நண்பர், பெரிய ஏற்றுமதியாளர், ஒரு மென்பொருள் போட்டிருந்தார். நண்பரின் அறையில் ஒரு திரை. எந்த ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே கூப்பிட்டுவிட்டார்.

நண்பருக்கு நிட்டிங், டையிங், தையல் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். இவருக்குச் சொந்தமாக இருந்தது கட்டிங்கும் தையலும் மட்டும். நூல் வாங்கி ஒருவரிடம் நிட்டிங் கொடுப்பார். அந்தத் துணி வேறொருவரிடம் சாயத்துக்குப் போகும். அங்கிருந்து, பின்னால் சுருங்காதபடி துணியை அழுத்தும் கம்பாக்டிங். வெட்டிய பாகங்கள் பிரின்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் போய்த் திரும்பி வந்து தையலுக்கு ஏறும். திருப்பூர் இப்படிப் பிரித்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கில்தான் வளர்ந்த ஊர். ஒரு டி-ஷர்ட் முடிவதற்குள் ஏழெட்டு வாசல் ஏறி இறங்கும்.

இந்தப் போக்குவரத்து முழுவதும் ஃபேப்ரிக் இன்சார்ஜ் ஒருவரின் நோட்டில் இருந்தது. எல்லோரும் அவரை அண்ணா என்று கூப்பிடுவார்கள். நீளவாக்கில் கட்டிய கணக்கு நோட்டு. தேதி, பார்ட்டி, டி.சி. (சரக்கு அனுப்பும் சீட்டு) எண், ரோல், எடை, கலர் என்று கோடு போட்டிருப்பார். எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் சாயப்பட்டறையில் பாக்கி நிற்கும் ரோல். அடிக்கோடு இரண்டு இருந்தால் கலர் மாறி வந்து திருப்பி அனுப்பியது. ஓரத்தில் சிறு புள்ளி இருந்தால், எடை குறைந்து வந்தும் பேசி ஒத்துக்கொண்டது. மூன்று மாதத்துக்கு முன் போன துணியைக் கேட்டாலும் பக்கத்தைப் புரட்டி அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

மென்பொருளில் துணிக்கு இரண்டே இடம்தான்: உள்ளே, வெளியே. நண்பரின் கம்பெனிக்கு அது போதும். இங்கே 'வெளியே' என்ற ஒரு சொல்லுக்குள் எட்டுப் பட்டறைகள் இருந்தன. போதாக்குறைக்கு எடை. சாயத்துக்கு 500 கிலோ போனால் 500 கிலோ திரும்பாது. பிளீச்சிங், டையிங், கம்பாக்டிங் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கழியும். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, ஒப்புக்கொண்ட கழிவு அது. மென்பொருளோ குறைந்த ஒவ்வொரு கிலோவையும் இன்னும் வரவேண்டிய பாக்கியாகவே வைத்துக்கொண்டது. மூன்று மாதத்தில் பாக்கி மலையாகக் குவிந்தது.

ஒருநாள் அண்ணா கட்டுரையாளரைக் குடோனுக்குக் கூட்டிப்போனார். "சார், உங்க கம்ப்யூட்டர்ல நாலு டன் துணி இருக்குதுங்க. எங்க இருக்குதுன்னு நீங்களே காட்டுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. பத்து வருடமாகச் சரியாக வைத்திருந்த கணக்கைப் பொய்யாக்கிவிட்டார்களே என்ற வருத்தம் இருந்தது.

பாக்கியை ஒழிக்க, வராத துணியை வந்ததாகப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள் பையன்கள். அன்றோடு அந்தக் கணக்கு செத்தது. நோட்டும் நின்றபாடில்லை, கணினியும் நிற்கவில்லை. இரண்டிலும் எழுதிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போனார்கள். எட்டு மாதத்தில் பில் போடுவது தவிர வேறு எதற்கும் அந்த மென்பொருளை யாரும் திறக்கவில்லை. தொடங்கும் முன்பு அண்ணாவின் நோட்டை ஒரு வாரம் உட்கார்ந்து படித்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்று கட்டுரையாளர் இன்றும் நினைக்கிறார். வேலையை ஏற்றுக்கொண்டவர் அவர். படிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

அந்த நண்பரின் கம்பெனிக்கும் பிறகு ஒருமுறை அவர் போனார். பச்சை சிவப்புத் திரைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மென்பொருள் வருவதற்கு முன்பே ஒரு மூத்த கணக்கரும் இரண்டு பையன்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து, துணி, நூல், பட்டன், லேபிள் ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர் ஒரே எண் என்று எழுதி முடித்திருந்தார்கள். அதுவரை 'நேவி', 'நேவி ப்ளூ', 'டார்க் நேவி' என்று ஒரே கலருக்கு மூன்று பெயர் ஓடிக்கொண்டிருந்ததாம். பார்க்க வந்தவர்களுக்குத் திரையைக் காட்டினார்கள். அந்தக் கணக்கரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை, வந்தவர்களும் கேட்கவில்லை.

இப்படித் தடுமாறுவது சிறிய ஊர்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜெர்மனியின் பெரிய மளிகைச் சங்கிலி நிறுவனமான லிடில், 2011-இல் தன் பழைய சரக்குக் கணக்கு முறையை விட்டு எஸ்.ஏ.பி. மென்பொருளுக்கு மாறும் வேலையைத் தொடங்கியது. உலகின் பெரிய சில்லறை நிறுவனங்கள் பலவற்றில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்தான். ஆனால் லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்டுக் கணக்கு வைக்கும் நிறுவனம். அந்த மென்பொருளின் வழக்கமோ விற்கும் விலையில் மதிப்பிடுவது. லிடில் தன் வழக்கத்தை மாற்றச் சம்மதிக்கவில்லை, மென்பொருளை வளைத்தார்கள். வளைக்க வளைக்கச் செலவு ஏறியது, வேகம் குறைந்தது. 2018-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். ஏழு ஆண்டில் சுமார் 50 கோடி யூரோ போனதாக ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. திருப்பூரில் 'வெளியே' என்ற ஒரு சொல் செய்த வேலையை அங்கே 'விலை' என்ற ஒரு சொல் செய்திருக்கிறது.

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் கதையும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய கணினிகள் தேதியைத் தவறாகப் படிக்கும் என்ற அச்சத்தில் உலகமே மென்பொருள் மாற்றிக்கொண்டிருந்த நேரம். ஹெர்ஷியும் மாற்றியது. நான்கு ஆண்டு பிடிக்கும் என்ற வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்கப் பார்த்தார்கள். 1999 ஜூலையில் மூன்று பெரிய மென்பொருள்கள் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. அடுத்து வந்தது ஹாலோவீன். நம் ஊர் இனிப்புக் கடைக்குத் தீபாவளி எப்படியோ, அங்கே மிட்டாய்க்கு அது அப்படி. கிடங்கில் சரக்கு இருந்தது, கடைகளிடமிருந்து ஆர்டரும் இருந்தது. ஏறத்தாழ 10 கோடி டாலர் சரக்கை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை.

வெறும் பெயரையே நகலெடுத்த கூத்தும் நடந்திருக்கிறது. பிட்காயின் விலை அதுவரை காணாத உச்சத்தில் இருந்த 2017 டிசம்பரில், லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்ற அமெரிக்கக் குளிர்பான நிறுவனம் தன் பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றிக்கொண்டது. அன்றே அதன் பங்கு விலை கிடுகிடுவென ஏறியது. அடுத்த ஆண்டே நாஸ்டாக் பங்குச்சந்தை அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இனி நம் ஊருக்குத் திரும்பலாம். கோவை மில்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாதா? மற்ற எதிலும் நன்றாகவே தெரியும். 1956-இல் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம், மில்களுக்கிடையே ஒப்பீட்டு ஆய்வுகளைப் பல பத்தாண்டுகளாக நடத்தி வருகிறது. 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி, ஒரு ஸ்பிண்டில் (நூற்கும் கதிர்) ஒரு ஷிப்டில் எத்தனை கிராம், ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்று தன் மில் எங்கே நிற்கிறது என்பதை ஒரு முதலாளி எண்ணாகவே பார்க்க முடியும். பக்கத்து மில்லுக்கு ஆள்மணி குறைவாக இருந்தால், ஏன் என்று குடைந்து பார்ப்பார். அதே மனிதர் மென்பொருள் என்று வந்ததும் எண்ணை விட்டுவிட்டுப் பெயரைப் பார்த்தார். இதுதான் கட்டுரையாளரின் ஆதங்கம்.

எண்ணைப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதையும் அவர் நேரில் கண்டிருக்கிறார். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஒவ்வொரு ஸ்பிண்டிலிலும் இழை அறுவதைப் பதிவு செய்யும் உணரிகள் வந்தபோது, இரண்டு மில்கள் அடுத்தடுத்து அதை வாங்கின. ஒரு மில்லில் பெரிய திரையை வரவேற்பறைக்கு அருகே மாட்டினார்கள். பையர் வந்தால் காட்டுவார்கள்.

இன்னொரு மில்லில் திரை மேஸ்திரியின் மேசைக்கு வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிண்டில் உள்ள ஒரு ஃபிரேமில், எல்லாம் சமமாக அறுவதில்லை. சில மட்டும் திரும்பத் திரும்ப அறுந்துகொண்டே இருக்கும். சைடர் வேலை பார்க்கும் பெண்கள் ஓடியோடி ஒட்டுவார்கள். அறுந்த நேரமெல்லாம் பஞ்சு நியூமாஃபில் வேஸ்ட்டாகப் போகும். அந்த மில்லில் காலை ஷிப்ட் தொடங்கியதும் மேஸ்திரி, அதிகம் அறுந்த இருபது ஸ்பிண்டில்களின் எண்ணைச் சீட்டில் எழுதி ஃபிட்டரிடம் கொடுப்பார். ஃபிட்டர் சாக்பீஸால் ஃபிரேமில் குறி போட்டுக்கொண்டே போவார். டிராவலர் தேய்ந்ததா, ரிங் பழுதா, ஏப்ரன் கிழிந்ததா, ஸ்பிண்டில் நடு தப்பியதா என்று பார்த்து, சரிசெய்த பிறகு குறியை அழிப்பார். மாலையில் அழியாமல் நிற்கும் குறிகளை மேனேஜர் வந்து எண்ணுவார். சில மாதத்தில் குறிகள் குறைந்தன. சைடர்களின் ஓட்டமும் குறைந்தது. இரண்டு மில்லும் வாங்கியது ஒரே கருவி, ஒரே விலை.

இரண்டாவது மில்லைப் பார்க்கப் பலர் வந்தார்கள். என்ன கம்பெனி கருவி, என்ன விலை என்று குறித்துக்கொண்டு போனார்கள். சாக்பீஸ் குறியைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர், பல்லடத்திலிருந்து வந்த ஒரு சிறிய மில்லின் மேனேஜர். கருவி வாங்கப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, சைடர்களையே அறுந்த எண்ணைச் சீட்டில் எழுதச் சொல்லி அந்த முறையை மட்டும் தொடங்கினார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கேள்வி மறுபடி அதே வாயிலிருந்து அதே சொற்களில் வருகிறது. "அவங்க ஏ.ஐ. போட்டுட்டாங்களாமா?" நெய்த துணியில் குறை கண்டுபிடிக்கும் கேமரா முதல், பையருக்குப் பதில் எழுதும் நிரல் வரை கேட்கிறார்கள். சில இடங்களில் அது நிச்சயம் உதவும். ஆனால் ஒரே கலருக்கு மூன்று பெயர் வைத்திருக்கும் கம்பெனியில் எந்த அறிவு வந்தாலும் மூன்று கலராகத்தான் எண்ணும்.

தொழில் நடத்தும் வாசகர்களிடம் கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பக்கத்து கம்பெனியைப் பார்க்கப் போங்கள், போகாமல் வாங்காதீர்கள். போனால் முதலாளி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஸ்டோருக்குப் போய், பதிவு செய்யும் பையனிடம் கேளுங்கள்: இது வந்த பிறகு எந்த நோட்டை எழுதுவதை நிறுத்தினீர்கள்? ஒன்றையும் நிறுத்தவில்லை என்றால் அங்கே அது இன்னும் ஓடவில்லை. போன மார்ச் ஸ்டாக் எடுத்தபோது கணினிக்கும் குடோனுக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று கேளுங்கள். மென்பொருள் வருவதற்கு முன்னால் எத்தனை மாதம் தயார் செய்தார்கள், யார் செய்தார்கள் என்று கேட்டு, அந்த மனிதரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.

கட்டுரையாளர் இப்போது ஒரு புதிய கம்பெனிக்குப் போனால் முதல் வாரம் கணினியைத் திறப்பதில்லை. குடோனில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் நோட்டைப் படிக்கிறார்.